பரிசு என்ன சொல்லுகிறது?

1917-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ரீநிவாஸ ராமானுஜனுடைய நிலை எவ்வகையிலும் பொறாமைப்படத் தக்கதாக இல்லை. கேம்பிரிட்ஜுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஐரோப்பாவில் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தபடியால் ஊர் திரும்புவது எளிதாக இல்லை. விரதம் போல் அவர் காத்து வந்த சைவ உணவுக்கு வேண்டிய பண்டங்கள் கடைகளில் அரிதாகிவிட்டன. இன்ன நோய் என்று வைத்தியர்கள் ஒருமனதாகச் சொல்ல முடியாத ஒரு வியாதி அவரை ஒரு சிகிச்சாலயத்திலிருந்து மற்றொன்றுக்கு அலைக்கழித்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மேலாக, டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்கு அந்த ஆண்டில் அவர் பெயர் ஆலோசிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சைகளில் தேறாமற்போன பழைய வடு ஆறாதிருந்த ஒருவருக்கு, இந்தப் புதிய நிராகரிப்பு எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த சில மாதங்களுக்குள் அவர் லண்டன் சுரங்க ரயிலின் தண்டவாளத்தில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்றும், ரயில் மயிரிழையில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார் என்றும் வானியல் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் பதிவு செய்திருக்கிறார்.

அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி, உணர்ச்சியை எளிதில் வெளிக்காட்டும் சுபாவம் உடையவர் அல்லர். ஆயினும் வைத்தியர்கள் மருந்துக்குத் தடுமாறிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், இந்த நோயாளிக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்துவிட்டார். ராயல் சொசைட்டியின் தலைவராயிருந்த ஜே. ஜே. தாம்ஸனுக்கு அவர் எழுதிய கடிதத்தில், ராமானுஜனை இந்த ஆண்டே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், அடுத்த ஆண்டு வரை காத்திருப்பது உசிதமன்று, தாம் வெற்றி பெற்றுவிட்டோம் என்றும் மேலும் முயல்வதில் அர்த்தம் உண்டு என்றும் அந்த மனிதர் உணர்வதற்கு இது உதவும் என்ற கருத்துப்பட வாதாடினார். வாதம் பலித்தது. 1918 மே 2-ஆம் தேதி, முப்பது வயதில், ராமானுஜன் எஃப்.ஆர்.எஸ்., அதாவது ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, ஆனார். இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று தாம் கனவிலும் எண்ணியதில்லை என்று ஹார்டிக்கு அவர் பதில் எழுதினார். முந்திய ஆண்டு கதவை அடைத்த அதே டிரினிடி கல்லூரி, அக்டோபர் மாதத்தில் அவரைத் தன் ஃபெல்லோவாக ஏற்றுக்கொண்டது. ராயல் சொசைட்டித் தேர்தலுக்குப் பிறகு, உடல்நிலை சீராகாதபோதே அவர் மறுபடியும் தீவிரமாக வேலை செய்யத் தொடங்கினார் என்றும், அவருடைய அழகிய தேற்றங்களிற் சில அந்தக் காலத்தில் பிறந்தவையே என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறு போடலாம் என்ற கேள்வியைப் பற்றி 1919-இல் வெளியான கட்டுரையில், 4, 9, 14 என்று ஐந்தைந்தாக ஏறும் எண்களின் கூறுகள் முறையே 5, 30, 135 என்று எப்போதும் ஐந்தால் வகுபடுகின்றன என்ற அதிசயத்தை அவர் நிரூபித்துக் காட்டினார்.

ஒரு மனிதரின் வாழ்க்கையை நிரூபணமாகக் கொள்ள விஞ்ஞானம் இடம் கொடாது. அவருடைய நோய் அந்த மாதங்களில் தானாகவே சற்றுத் தணிந்திருக்கலாம். அல்லது யுத்தம் முடியப்போகிறது, ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. பெயருக்குப் பின்னால் வரும் அந்த மூன்று எழுத்துக்களோடு ஒரு காசும் வருவதில்லை. சொல்லப்போனால், ராயல் சொசைட்டியின் அங்கத்தினர்களே ஆண்டுதோறும் சங்கத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். பணம் தராத, வேலை தராத, நோயைத் தீர்க்காத ஒரு பட்டம் ஒரு மனிதனைப் படுக்கையிலிருந்து எழுப்பி எழுதுகோலை எடுக்கச் செய்கிறது என்றால், அதற்குள் ஏதோ ஒரு சக்தி இருக்கத்தானே வேண்டும்? அந்தச் சக்தி எப்படிப்பட்டது, எப்போது வேலை செய்கிறது, எப்போது கெடுதலாக முடிகிறது என்பதை மனோதத்துவ நிபுணர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட முடிவுகளில் சில நம் பள்ளிக்கூடங்களிலும் சபைகளிலும் வழக்கமாகிவிட்ட காரியங்களுக்கு நேர் விரோதமானவை.

முதலில் பழைய கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, வெளியே மீனை வைத்து, தாழ்ப்பாளைத் திறக்கும் வித்தையை அவை எவ்வளவு விரைவில் கற்கின்றன என்று பார்த்தார். எந்தச் செயலின் முடிவில் இன்பம் கிட்டுகிறதோ அந்தச் செயல் வேரூன்றும் என்பது அவர் கண்ட விதி. பின்னர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார். பரிசு கொடுத்தால் செயல் பெருகும். பரிசை நிறுத்தினால் செயல் குன்றும். கணக்குச் சுத்தமாக இருந்தது. இந்தக் கணக்கின்படி, ஏற்கனவே ஒரு குழந்தை தானாக விரும்பிச் செய்கிற காரியத்துக்குப் பரிசும் கொடுத்தால் விருப்பம் இரட்டிப்பாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் குழந்தைப் பள்ளிக்குப் போனார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் விளையாடும் அந்தப் பள்ளியில், உள்ளிருப்பவர்களுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடிச் சுவர் உண்டு. ஒரு மேஜையின் மேல் பல வர்ணங்களில் பட்டையான மை பேனாக்களையும் காகிதத்தையும் வைத்துவிட்டு, எந்தெந்தக் குழந்தை தன்னிச்சையாக அங்கே போய் எவ்வளவு நேரம் படம் வரைகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து குறித்துக்கொண்டார்கள். அவர்களில் வரைவதில் ஆசையுள்ள 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் தனி அறைக்கு அழைத்து ஆறு நிமிஷம் படம் வரையச் சொன்னார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஓர் அட்டை காட்டப்பட்டது: பெரிய பொன்னிற நட்சத்திரமும் செந்நிற ரிப்பனும் பொறித்து, ‘நல்ல ஆட்டக்காரர் விருது’ என்று எழுதி, குழந்தையின் பெயருக்கு இடம் விட்ட சிறு அட்டை. நன்றாக வரைந்தால் இது உனக்கு என்று சொன்னார்கள். வரைந்த பின் கொடுத்தார்கள். இரண்டாம் பகுதியாருக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்ததும் அதே அட்டையை எதிர்பாராத வண்ணம் அளித்தார்கள். மூன்றாம் பகுதியாருக்கு அட்டையைப் பற்றிய பேச்சே இல்லை.

ஓரிரு வாரங்கள் சென்றபின், அதே பேனாக்கள் மறுபடியும் விளையாட்டு அறை மேஜைக்கு வந்தன. இப்போது விருதும் இல்லை, விருது பற்றிய பேச்சும் இல்லை. விருது அறியாத குழந்தைகள் தம் விளையாட்டு நேரத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் விருது பெற்றவர்கள் 18 சதவீதம். முன்னரே பேசி வைத்து விருது பெற்றவர்களோ 9 சதவீதத்தை எட்டவில்லை. அதாவது மற்றவர்களில் பாதி. இதைவிட என் மனத்தில் நிற்பது மற்றொரு குறிப்பு: விருதுக்காக வரைந்தவர்களின் படங்கள் மற்றவர்களுடைய படங்களைவிடத் தரத்தில் குறைந்திருந்தன என்று, யார் எந்தப் பிரிவு என்பதை அறியாத மத்தியஸ்தர்கள் மதிப்பிட்டார்கள். நாலு வயதுக் குழந்தைகூட, கூலிக்கு வரையும்போது கூலிக்குத் தக்கபடி வரைகிறது.

நட்சத்திரமும் ரிப்பனும் இரு பிரிவினருக்கும் ஒன்றுதான். அட்டையின் அளவும் அச்சும் ஒன்றுதான். மாறியது, அந்த அட்டை குழந்தைக்குச் சொன்ன செய்தி. பின்னால் வந்த அட்டை, ‘நீ வரைந்தது நன்றாயிருந்தது’ என்றது. முன்னால் காட்டிய அட்டை, ‘வரைவது ஒரு வேலை, அதற்கு இது விலை’ என்றது. பாயசத்தைக் குடித்தால் நாலணா தருகிறேன் என்று பாட்டி சொன்னால், பேரனுக்குப் பாயசத்தின் மீதே சந்தேகம் பிறக்குமல்லவா? இதுவும் அப்படித்தான். நான் ஏன் இதைச் செய்கிறேன் என்று மனம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும்போது, கண்ணெதிரே பளபளப்பான ஒரு காரணம் தொங்கிக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்த மெல்லிய காரணம் அதன் கண்ணில் படுவதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் எட்வர்ட் டெஸி என்ற ஆராய்ச்சியாளர் கல்லூரி மாணவர்களிடம் இதே விஷயத்தை வேறு விதமாகப் பார்த்தார். ஏழு மரத் துண்டுகளைச் சேர்த்துப் பல உருவங்கள் அமைக்கும் சோமா என்ற புதிர் விளையாட்டை அவர்களிடம் கொடுத்தார். ஒரு சாராருக்கு ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு டாலர் தந்தார். நடுவில் எட்டு நிமிஷம் ஏதோ காரணம் சொல்லி அறையை விட்டு வெளியேறி, மறைவிலிருந்து கவனித்தார். மேஜையில் சஞ்சிகைகளும் கிடந்தன. பணம் பெற்றுப் பழகியவர்கள், பணம் நின்ற மறுநாள், துண்டுகளைத் தொடுவதில் முன்போல் நாட்டம் காட்டவில்லை. ஆனால் இன்னொரு பரிசோதனையில் பணத்துக்குப் பதிலாக, நன்றாகச் செய்தாய் என்ற வாய்ச்சொல்லை மட்டும் அளித்தபோது விருப்பம் வாடவில்லை; துளிர்த்தது. 1999-இல் டெஸியும் அவருடைய சகாக்களும் இந்த வகைப் பரிசோதனைகள் 128-ஐ ஒருங்கே சேர்த்து எடைபோட்டுப் பார்த்தபோதும், பேரம் பேசித் தரும் பொருட் பரிசுகள் உள்ளார்வத்தைக் குறைக்கின்றன, மனமாரச் சொல்லும் பாராட்டு பொதுவாக அதை வளர்க்கிறது என்றே கண்டார்கள். இந்த முடிவை எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆர்வமே இல்லாத சலிப்பான வேலைக்குக் கூலி கொடுப்பதால் கெடுவதற்கு ஏதுமில்லை என்பதில் மட்டும் இரு கட்சியாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

மூளைக்குள் நடப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சில வார்த்தைகள். வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் நடுமூளையில், டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளிப் பழரசம் வாயில் விழுந்தால் அந்த அணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டதும் துள்ளின. ரசம் வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போயிற்று. ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் மரியாதை ஏன் மகிழ்ச்சி தருவதில்லை, ஓர் ஆண்டு அது தவறினால் மட்டும் ஏன் மனஸ்தாபம் பெரிதாகிறது என்பதற்கு இந்தக் குரங்கு ஓரளவு விடை சொல்லுகிறது. 2008-இல் இஸூமா முதலிய ஜப்பானிய விஞ்ஞானிகள், பணம் கிடைக்கும்போது மனித மூளையில் எந்தப் பகுதி கிளர்ச்சி அடைகிறதோ, தன்னைப் பற்றிப் பிறர் நல்ல அபிப்பிராயம் கொண்டிருப்பதைப் படிக்கும்போதும் அதே பகுதி கிளர்ச்சி அடைகிறது என்று படம்பிடித்துக் காட்டினார்கள். ஆகவே கீர்த்தியில் ஆசை வைப்பது பலவீனமான சிலரின் குற்றம் என்று இகழ்வதற்கு இடமில்லை. அது நம் எல்லோருடைய மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது.

இதுவரை படித்தவர், எதிர்பாராத பரிசு நல்லது, எதிர்பார்க்கச் செய்த பரிசு கெட்டது என்று ஒரு சூத்திரம் செய்துகொண்டு எழுந்துவிடக்கூடும். விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வேலையே இராது. கலிஃபோர்னியா மாகாணத்தில், ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பதினையாயிரத்துக்கு அதிகமான மாணவர்களைக் கொண்டு, வருகைக்குத் தரும் விருதை ராபின்ஸன், காலஸ் முதலியோர் பரிசோதித்தார்கள். நம் ஊரிலும் ஆண்டு விழா மேடையில் இந்தப் பரிசுக்கு ஓர் இடம் உண்டு: ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்கு வந்த பையனை அழைத்து, கைதட்டலுக்கு நடுவில், தலைவர் ஒரு சோப்புப் பெட்டியையோ எவர்சில்வர் டபராவையோ கொடுக்கிறார்; பையன் காமிராவைப் பார்த்து நிற்கிறான்; ஜுரத்தோடு அவன் பள்ளிக்கு வந்து பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் ஜுரத்தைக் கொடுத்த நாட்கள் கணக்கில் வருவதில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு சாராருக்கு, அடுத்த மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் விருது உண்டு என்று கடிதம் போயிற்று. மற்றொரு சாராருக்கு, சென்ற பருவத்தில் ஒரு மாதம் முழுவதும் தவறாமல் வந்ததற்காக விருதே தபாலில் வந்து சேர்ந்தது. முன்னவர்களிடம் யாதொரு மாறுதலும் இல்லை. எதிர்பாராமல் விருது பெற்றவர்களோ, அதற்குப் பின் முன்னிலும் அதிகமாக மட்டம் போட்டார்கள். அவர்களுடைய வராத நாட்கள், விருதே பெறாதவர்களோடு ஒப்பிட 8 சதவீதம் கூடின.

ஏன்? அந்த விருதும் ஒரு செய்தியைச் சொல்லிற்று. ‘தினந்தோறும் வருவது விருது கொடுக்க வேண்டிய அளவுக்கு அபூர்வமான காரியம், உன் நண்பர்கள் இவ்வளவு வருவதில்லை, பள்ளிக்கூடமும் உன்னிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை’ என்பதே அந்தச் செய்தி என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் தருகிறார்கள். சாதாரணமான கடமையைச் சாதனை என்று மேடையேற்றினால், அதைச் செய்யாதிருப்பதே சாதாரணம் என்று பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள். பிங் பள்ளியில் பின்னால் வந்த அட்டை நல்ல செய்தியைக் கொண்டுவந்தது. இங்கே பின்னால் வந்த அட்டை தவறான செய்தியைக் கொண்டுவந்தது. முன்னா பின்னா என்பதல்ல விஷயம். பெறுகிறவன் அதை எப்படி வாசித்துக்கொள்கிறான் என்பதே விஷயம். என் அபிப்பிராயத்தில், இந்தத் துறையில் நடந்த பரிசோதனைகள் அனைத்தையும் கோக்கும் நூல் இதுதான்.

வாசிப்பதில் எத்தனை விசித்திரங்கள் உண்டு என்பதற்கு 1992-இல் நடந்த பார்ஸிலோனா ஒலிம்பிக் பந்தயங்கள் சாட்சி. மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற ஆராய்ச்சியாளர்கள், வெள்ளிப் பதக்கமும் வெண்கலப் பதக்கமும் வென்றவர்களின் முகங்களைத் தொலைக்காட்சிப் படச் சுருள்களிலிருந்து திரட்டி, ஒலியை அடக்கிவிட்டு, பந்தய விவரம் அறியாத மாணவர்களிடம் காட்டி, இவர் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். முடிவு தெரிந்த கணத்தில் வெண்கலக்காரர்களுக்கு 7.1 கிடைத்தது, அவர்களை வென்று மேலே நின்ற வெள்ளிக்காரர்களுக்குக் கிடைத்தது 4.8. மேடையில் பதக்கம் அணிவித்தபோதும் வெண்கலமே முந்தி நின்றது. வெள்ளி பெற்றவருடைய பார்வை மேலே போகிறது: கையெட்டும் தூரத்தில் தங்கம் நழுவிற்றே! வெண்கலம் பெற்றவருடைய பார்வை கீழே போகிறது: நல்ல காலம், நாலாவது ஆளாகி வெறுங்கையோடு போகாமல் தப்பினேன்! உலகத்தில் ஒருவர் நீங்கலாக அத்தனை பேரையும் வென்றுவிட்டு, அந்த ஒருவரால் வெட்கி நிற்கும் மனிதனைப் பற்றி வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு காமிரா அதை உறுதி செய்தது.

பரிசு பெற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே, பெறாதவர்கள் கதி என்ன? அவர்கள் மனம் உடைந்து போவார்கள் என்று பயந்து, வந்தவர் அனைவருக்கும் ஏதாவது ஒன்று கொடுத்தனுப்பும் வழக்கம் இன்று பரவிவிட்டது. ஒரு மாலை நேரத்துக்குள் நாற்பது பேருக்குப் பொன்னாடை போர்த்திவிடும் சபைகளைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கணிப்பொறியில் விவரங்களைப் பதிவு செய்யும் மூன்று மணி நேர வேலைக்கு முந்நூறுக்கு மேற்பட்டவர்களை அமர்த்தி, பிராட்லர், நெக்கர்மன் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. நடுவில், முன்னறிவிப்பு இல்லாமல், நன்றி அட்டைகள் வழங்கப்பட்டன. சில குழுக்களில் எல்லோருக்கும், சில குழுக்களில் மிக நன்றாகச் செய்த சிலருக்கு மட்டும். எல்லோருக்கும் கொடுத்த இடத்தைவிட, சிறந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த இடத்தில் வேலை அதிகமாக உயர்ந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், உயர்வில் பெரும்பங்கு அட்டை பெற்றவர்களால் வந்ததன்று, பெறாதவர்களால் வந்தது. இந்த இடத்தில் நல்ல வேலையைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கும் எட்டியிருக்கிறது போலும். மதிப்பீடு நியாயமாக நடந்தது என்று அவர்கள் நம்பியதும் முக்கியம். தலைவரின் மைத்துனருக்குப் போகும் பொன்னாடை வேறு செய்தியைச் சொல்லும்.

விலையற்ற அட்டையின் வலிமைக்கு இன்னும் இரண்டு சாட்சிகள். ஒரு தொண்டு ஸ்தாபனத்துக்காக விவரம் திரட்டிய மாணவர்களிடையே, சிறந்த வேலைக்குத் தலைவர் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை மட்டுமே பரிசு என்று அறிவித்தபோது, வேலையின் அளவு சராசரி 12 சதவீதம் கூடியதாகக் கோஸ்ஃபெல்டும் நெக்கர்மனும் 2011-இல் தெரிவித்தார்கள். இங்கே முன்கூட்டி அறிவித்தும் கெடுதல் இல்லாததைக் கவனிக்க வேண்டும். கூலி வேலையில், சிதையக்கூடிய குழந்தை ஆசை ஏதும் இல்லை. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதப் புதிதாக வந்தவர்களில் சிலருக்கு, எடல்வைஸ் மலர்ச் சின்னம் ஒன்றை அளித்து ஜானா காலஸ் பரிசோதித்தார். சின்னம் பெற்றவர்களில் அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்கள், பெறாதவர்களைவிட 20 சதவீதம் அதிகம். எழுதுகிறவனுக்கு, தான் எழுதியதை யாரோ படித்தார்கள் என்று தெரிவதைவிட வேறென்ன வேண்டும்?

பாராட்டு என்ன சொல்லுகிறது என்பதோடு, எதைப் பாராட்டுகிறது என்பதும் உண்டு. முல்லர், ட்வெக் என்ற இரு பெண்மணிகள் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு புதிரை அவிழ்த்ததும் ஒரு சாராரிடம் ‘நீ கெட்டிக்காரி’ என்றும், மற்றொரு சாராரிடம் ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் சொல்லச் செய்தார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தம் மதிப்பெண்ணை, முகம் அறியாத வேறொரு குழந்தைக்குக் கடிதமாக எழுதச் சொன்னபோது அவர்களில் 38 சதவீதத்தினர் கூட்டி எழுதினார்கள்; உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அப்படி எழுதியவர்கள் 13 சதவீதம். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம் ஒரு சிறு குழந்தையைப் பொய் சொல்ல வைக்கிறது.

விருதின் மகிமையைப் பற்றிச் சொல்லப்படும் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். ஆஸ்கார் விருது பெற்ற நடிகர்கள், அதே படங்களில் நடித்தும் அவ்வளவு புகழ் பெறாத நடிகர்களைவிட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அதிகமாக வாழ்கிறார்கள் என்று 2001-இல் இரண்டு கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்: 79.7 வயதும் 75.8 வயதும். பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. விருது ஆயுளை வளர்க்கும் என்ற செய்தியை விட்டுவிட எந்தப் பத்திரிகாசிரியருக்கு மனம் வரும்? ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அறுபத்தைந்து வயதில் ஒருவர் விருது பெறுகிறார் என்றால், அவர் அறுபத்தைந்து வயது வரை உயிரோடு இருந்தாக வேண்டும். நாற்பதில் இறந்த நடிகருக்கு அந்த வாய்ப்பே இல்லை. விருதுக்கு முந்திய அத்தனை ஆண்டுகளையும் விருதின் பலனாக எழுதிக்கொண்டால், விருது நீண்ட ஆயுள் தருவதாகத்தான் தோன்றும். உண்மையில் நீண்ட ஆயுள்தான் விருதைத் தந்திருக்கிறது. மாண்ட்ரியால் நகரத்துப் புள்ளிவிவர நிபுணர்கள் 2006-இல் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, நான்கு ஆண்டுகள் ஏறக்குறைய ஓர் ஆண்டாகச் சுருங்கிற்று. அந்த ஓர் ஆண்டும் தற்செயலாய் நேர்ந்திருக்கக்கூடியதே.

ஆயுளை நீட்டாவிட்டாலும், விருது ஒருவருடைய உழைப்பின் திசையை மாற்றுவது உண்டு. கணிதத்தில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 1936 முதல் அளிக்கப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றவர்களின் பிற்கால வேலையை, அதற்குத் தகுதி இருந்தும் பெறாதவர்களின் வேலையோடு போர்ஹாஸ், டோரன் என்ற இருவர் ஒப்பிட்டார்கள். பதக்கம் பெற்றபின் கட்டுரைகளின் எண்ணிக்கை குறைந்தது. சோம்பலே காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அந்தக் குறைவில் ஏறக்குறைய பாதி, பழக்கமான துறையை விட்டுத் தமக்குப் பழக்கமில்லாத புதிய துறைகளில் அவர்கள் துணிந்து இறங்கியதால் வந்தது. இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி அவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. ஓர் ஆராய்ச்சியாளனுக்கு அதைவிடப் பெரிய சன்மானம் உண்டோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பட்டியல் தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. முதலாவதாக, நாள் தவறாமல் வந்தவனுக்குத் தரும் பரிசைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாவதாக, அச்சிட்ட சான்றிதழில் பெயரை மட்டும் நிரப்பிக் கொடுக்காமல், அந்தப் பிள்ளை இந்த ஆண்டு செய்தது இன்னது, அதில் நன்றாயிருந்தது இன்னது என்று, அவனை அறிந்த ஆசிரியர் தம் கையால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடட்டும். முப்பது பிள்ளைகளுக்கு அப்படி எழுத ஒரு மாலைப் பொழுது பிடிக்கும். அந்த ஆண்டு பாத்திரக் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இராது.